பிரபு வெட்டிய ஏரி

மே 19, ஞாயிறு

வெள்ளைக்காரன் தேசத்தில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த ஊரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்பதை எழுதி வைக்கிறேன். வானம் துலக்காத ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. கோடைகாலம் என்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.

மகளுக்கு என் அம்மாவின் பெயர், ஆவுடையம்மாள். ஆபீஸில் 'ஆடி' என்று கூப்பிடுகிறார்களாம். அது கார் கம்பெனி பெயர் என்றேன். அதனால்தான் யாருக்கும் மறப்பதில்லை என்று சிரிக்கிறாள். மருமகன் கதிரேசனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிறான். மதியம் எழுந்து வந்து பாத்திரம் கழுவுகிறான். நான் இருக்கும்போதே கழுவுகிறான். பேத்தி நிலானிக்கு ஆறு வயது. தாத்தா பேசுகிற இங்கிலீஷ் புரியவில்லை என்று அம்மாவிடம் புகார் செய்திருக்கிறாள். இந்த இங்கிலீஷில்தான் சங்கரன்கோவில் தாசில்தாராக இருந்து ரிட்டையர் ஆகும்வரை கலெக்டர்களுக்குக் குறிப்பு எழுதினேன். ஒருவரும் புரியவில்லை என்று சொன்னதில்லை.

விமான நிலையத்தில் நடந்ததையும் குறித்துவிடுகிறேன். அங்கிருந்த அதிகாரி இவளிடம், அதாவது என் மனைவி செண்பகவல்லியிடம், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். நான் பதில் சொன்னேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று மறுபடியும் அவளைப் பார்த்துக் கேட்டான். அதற்கும் நானே சொன்னேன். "நான் இவர்களிடம்தான் கேட்கிறேன்" என்றான். இங்கிதம் தெரியாத பயல். இவள், "மகளைப் பார்க்க" என்று இங்கிலீஷில் சொன்னாள். இலக்கணம் தப்பு. வெளியே வந்ததும் திருத்தினேன்.

மே 27, திங்கள்

காபி சரியில்லை. இங்கே பால் தண்ணீர் என்கிறாள். பால் எப்படி இருந்தாலும் காபி போடத் தெரியவேண்டும். அங்கேயும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆவுடை வேலைக்குப் போகிற வழியில் இவளையும் காரில் கூட்டிப் போகிறாள். நடந்து திரும்பி வருவாளாம். நடப்பது நல்லதுதான். வாயை மூடிக்கொண்டு நடந்தால் இன்னும் நல்லது.

ஜூன் 5, புதன்

இவள் மதியத்தில் தலை குளிக்கிறாள். இரண்டு மூன்று நாளாகப் பார்க்கிறேன், தலை ஈரம். ஏதோ மருந்து வாடை வேறு அடிக்கிறது. இந்த ஊர்த் தண்ணீரில் மருந்து அதிகம் என்று கதிரேசன் சொன்னான். சளி பிடித்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். இரண்டு துண்டு எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மழை.

ஜூன் 22, சனி

எதிர்வீட்டு வெள்ளைக்காரி இவளைப் பார்த்துக் கையசைக்கிறாள். இவளும் அசைக்கிறாள். என்ன பேசுவீர்கள் என்றதற்கு, "அவளுக்கு முழங்கால் வலி, எனக்குத் தோள் வலி, அதைத்தான்" என்றாள். தோள் வலி எப்போதிருந்து? வீட்டில் எடுப்பதும் வைப்பதும் எல்லாம் கதிரேசன் செய்கிறான். சும்மா இருந்தால் வலி வரத்தான் செய்யும்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். முன்பு நான் சாப்பிட்டு எழுந்த பிறகு ஏதோ கொறிப்பாள். இப்போது எல்லாரோடும் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்கிறாள். என் கண் முன்னால் கேட்கிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகிறோமாம். மெல்டர்லி பார்க் என்று ஓர் இடம். கோயிலா என்றேன், இல்லை. அரண்மனையா என்றேன், அரண்மனை எரிந்துபோய்விட்டது, தோட்டம்தான் என்றாள் ஆவுடை. முன்னூறு வருஷத்துக்கு முன் ஒரு பிரபு அமைத்ததாம். எங்கு பார்த்தாலும் புல் முளைத்துக் கிடக்கிற தேசத்தில், டிக்கெட் வாங்கிக்கொண்டு புல்லைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காரில் போகிறார்கள்.

ஆகஸ்ட் நான்காம் தேதி ஊர் திரும்புகிறோம். அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று போய்வந்தோம். விவரமாக எழுதவேண்டியிருக்கிறது.

காலையில் இவள் எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டினாள். ஆவுடை தனியாக ஒரு பையைக் காரில் வைத்தாள். கேட்டதற்கு மாற்றுத்துணி என்றாள். குழந்தை சேற்றில் விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் டிக்கெட் கொடுக்கிற கிழவர் எங்களுக்கு ஒரு வரைபடம் கொடுத்தார். நான் சர்வே வரைபடத்தில் வாழ்நாளைக் கழித்தவன். அந்தப் படத்தில் அளவும் இல்லை, எல்லையும் இல்லை. வாத்துப் படம் போட்டிருந்தது.

முதலில் ஓர் இடிந்த கோட்டை. குன்றின் மேல் பாதிச் சுவர், ஒரு வளைவு, மேலே கொடி படர்ந்திருந்தது. எந்த யுத்தத்தில் இடிந்தது என்று கேட்டேன். கதிரேசன் பலகையைப் படித்துவிட்டு, "இடியலை மாமா, இடிஞ்ச மாதிரியே கட்டியிருக்காங்க. வீட்டு ஜன்னல்லேருந்து பாக்க அழகா இருக்கணும்னு" என்றான். எங்கள் தாலுகாவிலும் இடிந்த கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவையெல்லாம் நல்ல கட்டடமாக இருக்கட்டும் என்று கட்டப்பட்டவை. இவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பள்ளம். புல்வெளி ஒரே சமமாகப் போகிற மாதிரி தெரிகிறது, கிட்டே போனால் ஆள் ஆழத்துக்கு வெட்டிச் சுவர் வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் ஆடு மேய்கிறது. வேலி போட்டால் பார்வைக்குக் குறுக்கே நிற்கும் என்று வேலியைத் தரைக்குள் இறக்கியிருக்கிறான். இதற்கு 'ஹா ஹா' என்று பெயராம். நிலானி அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அறுபத்தோரு வயது. பக்கத்தில் ஆட்கள் போகிறார்கள் என்று சொன்னேன். போகட்டும் என்றாள்.

இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பிரபு மட்டும் எனக்குப் பிடித்த ஆள். ஏரிக்கரையில் ஒரு பலகை இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் முன்பு ஒரு ஊரே இருந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கூரையும் புகையும் தெரிகிறது என்று பிரபு மொத்த ஊரையும் காலி செய்து இரண்டு மைல் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓடையை மறித்து ஏரி வெட்டியிருக்கிறான். கேட்கவே நிறைவாக இருந்தது. நான் ஒரு புறம்போக்கில் நான்கு குடிசையை அகற்ற எத்தனை நோட்டீஸ், எத்தனை பஞ்சாயத்து. அவன் ஒரே உத்தரவில் முடித்திருக்கிறான். இதைச் சொன்னபோது கதிரேசன் பலகையை மறுபடி படிக்க ஆரம்பித்தான், ஆவுடை குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டினாள்.

இவள் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், அந்த ஊர்ப் பெண்களெல்லாம் தண்ணிக்கு எங்கே போனார்கள் என்று. பலகையில் அது இல்லை என்றான் கதிரேசன். இல்லாததைக் கேட்பது இவள் வழக்கம்.

ஏரி பெரியதுதான். ஒரு மூலையில் ஆரஞ்சு மிதவைகளைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். அதற்குள் நீந்தலாமாம். உயரமான நாற்காலியில் ஒரு பெண் விசிலோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரர்கள் நடுங்கிக்கொண்டே இறங்கி, கத்திக்கொண்டே ஏறினார்கள். காசு கொடுத்து நடுங்குகிற கூட்டம்.

புல்லில் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். தயிர் சாதத்தில் உப்புக் குறைவு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். விழித்துப் பார்க்கும்போது இவளும் ஆவுடையும் கழிவறைப் பக்கம் போயிருந்தார்கள். அந்தப் பையும் இல்லை.

திரும்பி வந்தபோது ஆவுடையோடு வருவது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. தலையில் மஞ்சள் ரப்பர் தொப்பி. நடையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிலானியிடம் கொடுத்தாள். சேலையை மடித்து என் பக்கத்தில் வைத்தாள். என்னைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்து நடந்தாள்.

நான் "ஏளா" என்றேன். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவேன். திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பமே எங்களைப் பார்த்தது. எழுந்து நின்று, "செண்பகவல்லி" என்றேன்.

இப்போது திரும்பினாள். "செருப்பைப் பாத்துக்கோங்க" என்றாள்.

முழங்கால் அளவு போனாள். இடுப்பளவு போனாள். கத்தவில்லை, நடுங்கவும் இல்லை. குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டு, அப்படியே முன்னால் சாய்ந்தாள். அதற்குமேல் தலை மட்டும்தான். விசில் பெண்ணைத் தாண்டி, நடுங்குகிற கூட்டத்தைத் தாண்டி, கடைசி மிதவையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தாள். மஞ்சள் தொப்பி சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஒருமுறை தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு வேறு இடத்தில் வந்தது.

"அம்மாவுக்கு நீச்சல் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று ஆவுடை கேட்டாள்.

தெரியும் என்று சொன்னேன்.

கல்லிடைக்குறிச்சிக்காரி. வீட்டுக்குப் பின்னால் தாமிரபரணி. தெரியாமல் எப்படி இருக்கும். சொல்லவேண்டியது அவள் பொறுப்பு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே வந்த இரண்டாம் வாரத்திலிருந்து மாநகராட்சி நீச்சல் குளத்துக்குப் போகிறாளாம். எதிர்வீட்டு வெள்ளைக்காரியும் கூடப் போகிறாளாம். எல்லாருக்கும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

அவள் திரும்பி வருகிறபோது என் ஷூ இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. சாக்ஸும் நனைந்துவிட்டது. அங்கே கரை சரிவாக இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை வைக்க இவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு கையில் அவள் செருப்பு இருந்தது.

நிலானியை அழைத்துக்கொண்டு ஆவுடையும் கதிரேசனும் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள். மூன்று பேருமா போகவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இவள் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. நான் அவமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்.

"நாலாம் தேதி நான் உங்ககூட வரலை."

டிக்கெட் எடுத்தாயிற்று என்றேன். ஆவுடை மாற்றிவிட்டாள் என்றாள். விசா நவம்பர் வரைக்கும் இருக்கிறது, அதுவரை இங்கே இருப்பாளாம்.

"அதுக்கப்புறம் வந்துதானே ஆகணும்" என்றேன்.

"ஊருக்கு வருவேன். கல்லிடைக்குறிச்சியில தங்கச்சி வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. அங்க இருக்கலாமான்னு யோசிக்குதேன்."

உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். சோறு, துணி, நகை, வீடு. வேலைக்காரி வைத்துக்கொள் என்றேன், அவள்தான் வேண்டாம் என்றாள். ஒரு நாள் கை நீட்டியதுண்டா? கேட்டேன். இல்லை என்று அவளே சொன்னாள்.

"பிறகு எதுக்குக் கோபம்?"

"கோபமெல்லாம் இல்லைங்க. கோபம் இருந்தா சண்டை போட்டு, அழுது, சரியாப் போயிருக்கும். அலுத்துப் போச்சு."

ஒரு வாத்து வந்து எங்கள் காலடியில் நின்றது. அவள் டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாள். எனக்கும் நீட்டினாள். வேண்டாம் என்றேன். மூடி வைத்துவிட்டாள். முன்பெல்லாம் இன்னொரு முறை கேட்பாள்.

அலுப்பாம். அலுப்புக்குத் தூங்கினால் போதும். நல்ல காரணத்தைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் எல்லாரும் தூங்கினார்கள், ஓட்டிய கதிரேசனும் நானும் தவிர. ஈர ஷூவோடு ஒன்றரை மணி நேரம்.

ஜூலை 15, திங்கள்

யாரோடும் பேசவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 18, வியாழன்

பாஸ்போர்ட்டைக் கேட்டாள். இருவருடையதும் என் கைப்பையில் இருக்கிறது. வெளிநாடு புறப்பட்டதிலிருந்து அப்படித்தான். என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் சமையலறையில் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கதிரேசன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை, குழாயை மட்டும் நிறுத்தினான். ஆவுடை வாசல்நிலையில் வந்து நின்றாள்.

என்ன நாடகம். ஒரு பாஸ்போர்ட்டுக்கு. கொடுத்துவிட்டேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள், சாவிக்கொத்து மாதிரி.

மகளிடம் தனியாகப் பேசினேன். குடும்பத்தைப் பிரிக்கிறாய் என்றேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு, "அம்மா ரெண்டு வருஷம் முன்னாடியே இதை என்கிட்ட சொன்னாப்பா. நான்தான் ஒருதரம் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, பாக்கலாம்னு சொன்னேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்த ஊர்க் காற்றில் மகரந்தம் அதிகம், பலருக்கு அப்படி ஆகிறதாம்.

ஜூலை 26, வெள்ளி

மழை. இவள் மழையிலேயே குளத்துக்குப் போனாள். குளத்துக்கு மேலே கூரை இருக்கிறதாம். கேட்காமலே நிலானி சொன்னாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விமானத்தில் எழுதுகிறேன். பக்கத்து சீட்டில் ஒரு பெரிய உடம்புக்காரன். அது அவளுடைய சீட்.

விமான நிலையம்வரை வந்திருந்தாள். ரத்த அழுத்த மாத்திரை எந்த அறையில், பருப்புப் பொடி எந்த டப்பாவில், கேஸுக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். உள்ளே போகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன், வழியைச் சரிபார்ப்பதற்காக. நின்றுகொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி. சங்கரன்கோவில்

வீடு பூட்டிக் கிடந்த வாடை இன்னும் போகவில்லை. பருப்புப் பொடி அவள் சொன்ன டப்பாவில் இல்லை. அதற்கடுத்த டப்பாவில் இருந்தது. ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டு வேலாயுதம், ரிட்டையர் ஆன தலைமையாசிரியர், வேலை எதுவும் இல்லாதவர், செண்பகவல்லி எங்கே என்று கேட்டார். பேத்தி விடமாட்டேன் என்கிறாள் என்றேன். சாயங்காலம் அவர் மனைவி கேட்டாள். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. இரவு ஒரு தூக்குவாளியில் ரசம் வந்தது. என்னிடம் ரசம் கேட்டது யார்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவள் போன் செய்தாள். சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், வைக்கிறேன் என்றேன். வைத்த பிறகு, இன்னும் சில விஷயங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. முக்கியமான விஷயங்கள். ஒரு ஆண்பிள்ளை இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே போகமுடியாது. அடுத்த ஞாயிறு பேசும்போது சொல்வதற்குக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கொடி ஏற்ற என்னைக் கூப்பிடவில்லை. வேலாயுதத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கயிறு சிக்கிக்கொண்டதாம். நல்லது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டு வாரமாகக் காபி நானே போடுகிறேன். பால் தண்ணீர்தான். அங்கே மட்டும் இல்லை, இங்கேயும். இன்று சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. குறிப்புத்தாள் மேஜைமேல் இருந்தது. எடுத்து வரச் சமயம் இல்லை, மனப்பாடமாகவே இருந்தது. முதலாவது, நவம்பர் பத்தாம் தேதிக்குள் இங்கே வந்து சேரவேண்டும். இரண்டாவது, கல்லிடைக்குறிச்சி பேச்சே கூடாது. மூன்றாவதும் நான்காவதும் இருந்தன.

மெல்டர்லிக்கு மறுபடி போய்வந்தோம் என்று அவள் சொன்னாள். எதிர்வீட்டுக்காரியும் வந்தாளாம். ஏரியில் இறங்கினேன் என்றாள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் திட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அங்க கால் எட்டுமா?" என்று கேட்டேன்.

"எங்க?"

"அந்தக் கடைசி மிதவைகிட்ட."

"எட்டாது."

"பயமா இருக்காதா?"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை. அந்தப் பக்கம் ஏதோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"முதல்ல இருந்துச்சு" என்றாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாகவும் ஒரு முழம் கீழே ஐஸ் மாதிரியும் இருக்குமாம். அடியில் இருட்டாம். அந்தப் பழைய ஊரின் சுவர் ஏதாவது காலில் தட்டுமோ என்று நினைத்தாளாம், தட்டவில்லையாம். பாதி தூரத்தில் மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்துவிடவேண்டும், தண்ணீர் தானே தாங்கிக்கொள்ளும், இது அவளுக்கு எட்டு வயதில் அவள் அக்கா சொல்லிக்கொடுத்தது என்றாள். அந்த அக்கா ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது ஆற்றைக் குறுக்கே கடந்து, அடி வாங்கிய கதையைச் சொன்னாள். அக்கா இறந்து இருபது வருஷம் ஆகிறது. துஷ்டிக்கு நான் போயிருந்தேன். அவள் நீந்துவாள் என்று எனக்குத் தெரியாது.

பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது வாடை வந்தபிறகுதான் தெரிந்தது. எட்டிக் குமிழைத் திருகிவிட்டு, ஜன்னலைத் திறந்து, அங்கேயே நின்றேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் பேசினாள். நடுவில் நான் ஒன்றும் சொல்லவில்லை.